வீடு இரண்டுபட்டால் குழந்தை யாருக்கு?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. வீடு இரண்டுபட்டால்? அங்கே கொண்டாட்டம் யாருக்கும் இல்லை. திண்டாட்டம் மட்டும் உண்டு. அது குழந்தைக்கு!

"பிள்ளை என் ரத்தம். என்னிடம்தான் வளர வேண்டும்" என்கிறான் கணவன். "பத்து மாதம் சுமந்தவள் நான். விடமாட்டேன்" என்கிறாள் மனைவி. பாட்டன், பாட்டி, மாமன், அத்தை எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். நடுவில் நிற்கும் குழந்தை யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் விழிக்கிறது.

இந்தச் சண்டை கோர்ட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? சட்டம் யார் பக்கம்? இது பலருக்குத் தெரிவதில்லை. தெரியும் என்று சொல்பவர்களிலும் பலர் தவறாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால் வரும் நஷ்டம் பெரியது.

பத்திரம் எழுதினால் போதுமா?

ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். இரு வீட்டாரும் பேசுகிறார்கள். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். போட்ட நகையும் கொடுத்த சீரும் திரும்பி வருகின்றன. "தீர்த்துவிட்டாச்சு. இனி அவரவர் வழி அவரவருக்கு" என்று எழுந்து போகிறார்கள்.

இது விவாகரத்து ஆகாது!

நோட்டரி வக்கீல் முத்திரை குத்தினாலும் ஆகாது. இந்துக்களுக்கு விவாகரத்து கொடுக்கும் அதிகாரம் கோர்ட்டுக்குத்தான் உண்டு. இதற்கு ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. சில சமூகங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கப்படி தீர்த்துவிடுவதை இந்து திருமணச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்மையாகவே இருந்துவருகிறது என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம்தான்.

அந்தக் காகிதத்தை நம்பி ஒருவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டால் அது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இரண்டாவதாக வந்த பெண்ணுக்குச் சட்டப்படி மனைவி என்ற இடமும் கிடைக்காது. ஒரு காகிதத்தால் இரண்டு பெண்களின் வாழ்வு கெடுகிறது.

யாருக்கு எந்தச் சட்டம்?

ஒரு காலத்தில் இந்துக்களுக்குப் பொதுவான விவாகரத்துச் சட்டமே கிடையாது. சென்னை மாகாணத்தில் 1949-ல் ஒரு சட்டம் வந்தது. அது இருதார மணத்தைத் தடுத்தது. விவாகரத்துக்கும் வழி திறந்தது. பிறகு 1955-ல் நாடு முழுவதற்கும் இந்து திருமணச் சட்டம் வந்தது. பவுத்தர், சமணர், சீக்கியருக்கும் இதே சட்டம்தான்.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. பழைய சட்டத்தில், கணவனுக்கு வேறு பெண்ணுடன் தொடர்பு உண்டு என்று மட்டும் மனைவி நிரூபித்தால் போதாது. கொடுமை, கைவிட்டது போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். கணவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை! 2001-ல்தான் இந்த ஓரவஞ்சனை நீங்கியது.

முஸ்லிம் பெண்கள் விவாகரத்து கேட்க 1939-ம் ஆண்டுச் சட்டம் உதவுகிறது. ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்வது செல்லாது என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2019-ல் வந்த சட்டம் அதை மூன்று ஆண்டு வரை சிறை தரும் குற்றமாக்கியது. அப்படித் தலாக் சொல்லப்பட்ட பெண், தன் மைனர் குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம் என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது.

மதம் பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு.

இரண்டு பாதைகள்

விவாகரத்துக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, இருவரும் சேர்ந்து கேட்பது. மற்றது, ஒருவர் கேட்க மற்றவர் எதிர்ப்பது.

இருவரும் சம்மதித்துக் கேட்கும் வழி இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்டது. இதற்குக் கணவனும் மனைவியும் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். கோபம் தணிந்து மனம் மாறினால் மாறட்டும் என்றுதான் இந்த அவகாசம். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இனிச் சேர வழியே இல்லை, குழந்தை, பணம் பற்றியும் பேசி முடித்தாகிவிட்டது என்றால் இந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம். இது 2017-ல் வந்த தீர்ப்பு.

கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் இந்தப் பிரிவுக் காலம் இரண்டு ஆண்டு என்று எழுதப்பட்டிருக்கிறது. அதைக் குறைத்து ஐகோர்ட்டுத் தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. ஆகவே வக்கீலைக் கேட்டுச் செய்வது நல்லது.

இரண்டாவது பாதை கரடுமுரடானது. அதில் காரணம் காட்ட வேண்டும். கொடுமை, பிறருடன் தொடர்பு, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, மதம் மாறியது, தீராத மனநோய், துறவு பூண்டது, ஏழாண்டு உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாதது ஆகியவை சட்டம் ஒப்பும் காரணங்கள். தொழுநோயும் ஒரு காரணமாக இருந்தது. மருந்தால் குணமாகும் நோய்க்காக ஒருவரைத் தள்ளிவைப்பது அநியாயம் என்பதால் 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

"எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை" என்று மட்டும் சொன்னால் குடும்பக் கோர்ட்டு விவாகரத்து தராது. ஒட்டவே முடியாதபடி உடைந்துபோன திருமணத்தைச் சுப்ரீம் கோர்ட்டு தன் தனி அதிகாரத்தால் ரத்து செய்யலாம் என்று 2023 மே மாதம் அரசியல் சாசன பெஞ்சு கூறியது. அந்த அதிகாரம் கீழ்க் கோர்ட்டுகளுக்கு இல்லை.

கல்யாணமாகி ஓராண்டு முடியும் முன்பு பொதுவாக மனுவே கொடுக்க முடியாது. தாங்க முடியாத துன்பம் என்றால் மட்டும் கோர்ட்டு அனுமதிக்கும்.

மனுவை எங்கே கொடுப்பது? கல்யாணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பார் வசிக்கும் ஊர் ஆகிய இடங்களில் கொடுக்கலாம். மனைவிக்கு 2003 முதல் ஒரு சலுகை உண்டு. தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண், கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

குழந்தை சொத்து அல்ல

இனி குழந்தைக்கு வருவோம். பதினெட்டு வயது ஆகும்வரை சட்டத்தின் கண்ணில் எல்லோரும் மைனர்தான். மைனர் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை 1890-ம் ஆண்டு கார்டியன் சட்டமும், இந்துக்களுக்கு 1956-ல் வந்த மைனர் சட்டமும் சொல்கின்றன.

இந்தச் சட்டங்களைப் படித்துப் பார்த்தால் தகப்பனுக்கே முதலிடம் தந்ததுபோல் இருக்கும். "இயற்கைக் கார்டியன் தகப்பன், அவருக்குப் பிறகு தாய்" என்று 1956-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை தாய்க்கு உரிமை இல்லை என்றுதான் பல காலம் பொருள் கொண்டார்கள்.

அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் எழுத்தாளர் கீதா ஹரிஹரன். அவரும் அவர் கணவரும் 1984-ல் மகன் பேரில் ரிசர்வ் வங்கி கடன் பத்திரம் வாங்க மனு செய்தார்கள். தாய் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று வங்கி கேட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. "அவருக்குப் பிறகு" என்றால் "அவர் இறந்த பிறகு" என்று மட்டும் பொருள் இல்லை. தகப்பன் பொறுப்பை ஏற்காத இடத்தில், அவர் உயிரோடு இருந்தாலும், தாயும் கார்டியன்தான் என்று கோர்ட்டு விளக்கியது.

இதைவிடப் பெரிய விதி ஒன்று அதே சட்டத்தில் 13-வது பிரிவாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பார்க்க வேண்டியது குழந்தையின் நலம் என்பதே அது. தகப்பன் உரிமை, தாய் உரிமை இரண்டும் அதற்குக் கீழேதான்.

சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை ஆணித்தரமாகச் சொன்னது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொம்மைகளும் அல்ல என்று நீதிபதிகள் எழுதினார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் இன்றைய கோர்ட்டுகள் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கின்றன.

நீதிபதி எதைப் பார்க்கிறார்?

குழந்தைக்கு ஐந்து வயது ஆகவில்லை என்றால் சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். இது இந்துக்களுக்கான சட்டத்தில் உள்ளது. முஸ்லிம்களில் ஹனபி பிரிவினருக்கு ஆண் குழந்தை ஏழு வயது வரையிலும் பெண் குழந்தை பருவம் அடையும்வரையிலும் தாயிடம் வளரும். அங்கேயும் குழந்தையின் நலத்தைக் கோர்ட்டு பார்க்கும்.

அந்த வயதைத் தாண்டினால்? தானாகத் தகப்பனிடம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழந்தையின் வயது, படிப்பு, உடல்நிலை, வீட்டில் கவனிக்க யார் இருக்கிறார்கள், பெற்றோரின் நடத்தை எப்படி என்று எல்லாவற்றையும் நீதிபதி எடைபோடுவார். விவரம் தெரிந்த குழந்தையாக இருந்தால் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்.

"சம்பாதிக்காத தாய்க்குக் குழந்தை கிடைக்காது" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. பணம் மட்டும் குழந்தையை வளர்த்துவிடாது. தாயிடம் வளர்வதே நல்லது என்று கண்டால், குழந்தையை அவளிடம் கொடுத்து, செலவுக்குத் தகப்பனைப் பணம் கட்டச் சொல்வார் நீதிபதி.

குழந்தை சொல்வதை அப்படியே கோர்ட்டு ஏற்குமா? அதுவும் கட்டாயம் இல்லை. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு விசாரித்த ஒரு வழக்கில், சின்ன வயது முதல் தகப்பனிடம் வளர்ந்த சிறுமி அவரோடுதான் இருப்பேன் என்றாள். தாயோடு பழக வாய்ப்பே கிடைக்காத குழந்தை வேறு எப்படிச் சொல்லும் என்று நீதிபதிகள் யோசித்தார்கள். ஓராண்டு தாயிடம் இருந்து பார்க்கட்டும் என்று உத்தரவிட்டார்கள். பெற்றவரில் ஒருவரைப் பற்றி மற்றவர் குழந்தையின் மனத்தில் நஞ்சு ஊற்றுவது எவ்வளவு கெடுதல் என்றும் அந்தத் தீர்ப்பு எச்சரித்தது.

தூக்கிக்கொண்டு ஓடினால்?

வழக்கு நடக்கும்போது குழந்தை யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் கை ஓங்குகிறது. புதிய பள்ளி, புதிய தோழர்கள் என்று குழந்தை அங்கேயே பழகிவிடுகிறது. பழகிய இடத்திலிருந்து பிடுங்கி நடுவதற்குக் கோர்ட்டும் தயங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு சிலர் பள்ளி வாசலிலிருந்தே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போய்விடுகிறார்கள். பிறகு வாய்தா மேல் வாய்தா வாங்குகிறார்கள்.

இந்தத் தந்திரம் எப்போதும் பலிக்காது. ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டால் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தும்படி உத்தரவு வரலாம். அடி, உதையால் வெளியேறிய பெண், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் போய்க் குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் விடும்படி கேட்கலாம். வீட்டை விட்டு வந்ததாலேயே பிள்ளை மேல் உள்ள உரிமை போய்விடாது.

தாமதம்தான் உண்மையான எதிரி. வழக்கு நடக்கும்போது பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் கேட்டு மனு போட்டால், நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது நீள்வதும் உண்டு. பெரியவர்களுக்கு மூன்று ஆண்டு என்பது ஒரு வழக்கின் காலம். நான்கு வயதுக் குழந்தைக்கு அது கிட்டத்தட்ட முழு வாழ்க்கை! போன இளமையை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

பார்க்கும் உரிமை யாருடையது?

ஒருவரிடம் குழந்தையை ஒப்படைத்தால், மற்றவர் வந்து பார்க்க நாள் குறிப்பது வழக்கம். வார விடுமுறை, பள்ளி விடுமுறை, பண்டிகை என்று கோர்ட்டு பிரித்துக்கொடுக்கும். இதைத் தகப்பனுக்கோ தாய்க்கோ காட்டும் தயவு என்று பலர் நினைக்கிறார்கள். இருவர் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நேரில் வர முடியாவிட்டால் டெலிபோனிலும் வீடியோவிலும் பேசவாவது வழி செய்ய வேண்டும் என்றது.

இன்னும் ஒரு படி மேலே போனது கர்நாடக ஐகோர்ட்டு. 2013-ல் ஒரு வழக்கில், மகன் ஆண்டில் ஆறு மாதம் தகப்பனிடமும் ஆறு மாதம் தாயிடமும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இப்படி இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு கொடுப்பதைச் சட்டத்திலேயே சேர்க்கலாம் என்று மத்திய சட்டக் கமிஷன் 2015-ல் சிபாரிசு செய்தது.

இது எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்துமா? இருவரும் ஒரே ஊரில் இருந்து, முகம் கொடுத்துப் பேசிக்கொண்டால் பொருந்தலாம். ஒருவர் மதுரையிலும் மற்றவர் மும்பையிலும் இருந்தால் பள்ளிப் படிப்பு என்ன ஆவது? அடித்துத் துரத்தியவனோடு கூட்டுப் பொறுப்பு எப்படி நடக்கும்? இங்கேயும் குழந்தையின் நலமே அளவுகோல்.

குழந்தையைப் பற்றிய எந்த உத்தரவும் கல்லில் செதுக்கிய எழுத்து அல்ல. நிலைமை மாறினால் உத்தரவை மாற்றக் கேட்கலாம்.

செலவு யார் தலையில்?

குழந்தை யாரிடம் இருந்தாலும் செலவுப் பொறுப்பு நீங்காது. "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் அனுப்பவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. "பணம் அனுப்பவில்லை, அதனால் பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்பதும் சரியல்ல. இரண்டிலும் தண்டனை அனுபவிப்பது குழந்தைதான்.

ஜீவனாம்ச மனு போட்டால், இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இட்ட கட்டளை இது. ஜீவனாம்சத்தை மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் அது சொன்னது. மனைவியும் சம்பாதித்தால் பிள்ளையின் படிப்புச் செலவை இருவரும் வருமானத்துக்குத் தக்கபடி பகிர்ந்துகொள்ளலாம்.

பழைய 125-வது பிரிவு மனு இப்போது 144-வது பிரிவு மனு ஆகிவிட்டது. 2024 ஜூலை முதல் இந்தப் புதிய எண். எந்த மதத்தாரும் இதில் கேட்கலாம். உத்தரவுப்படி பணம் கட்டாவிட்டால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் பாக்கியை ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும்.

"எனக்கு எதுவும் வேண்டாம், பிள்ளையை விட்டால் போதும்" என்று தாய் எழுதிக்கொடுத்தாலும், குழந்தையின் உரிமை அதனால் அழிந்துவிடாது.

கையெழுத்துப் போடும் முன்

பிரிவது என்று முடிவாகிவிட்டதா? சம்மத மனுவில் குழந்தை பற்றித் தெளிவாக எழுத வேண்டும். "பேசிக்கொள்கிறோம்" என்று விட்டால் அதுவே அடுத்த வழக்குக்கு விதை. குழந்தை எந்த வீட்டில் இருக்கும்? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துப் போவது? முழுப் பரீட்சை விடுமுறை யாருக்கு? பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எப்படி? பள்ளிக் கட்டணத்தை யார், எந்தத் தேதிக்குள் கட்டுவது? நோய் வந்தால் யாருக்குத் தகவல்? இத்தனையும் காகிதத்தில் வர வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் புகைப்படம், பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளி ரசீது, மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பக் கோர்ட்டுகள் 1984-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டவை. முதலில் சமாதானம் செய்துவைக்கப் பார்ப்பது அவற்றின் கடமை. ஆலோசகர் இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார். அங்கே அனுமதி பெற்றுத்தான் வக்கீல் வாதாட முடியும். குடும்பக் கோர்ட்டு இல்லாத ஊரில் சப் கோர்ட்டிலோ மாவட்டக் கோர்ட்டிலோ விசாரணை நடக்கும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று எந்தப் பெண்ணும் முடங்கிக் கிடக்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஆபத்தில் உள்ள பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098.

கணவன், மனைவி என்ற உறவைக் கோர்ட்டு ஒரு தீர்ப்பில் முடித்துவைக்கலாம். அப்பா, அம்மா என்ற உறவு அந்தத் தீர்ப்பில் முடிவதில்லை. கோர்ட்டுப் படி இறங்கிய பிறகும் அந்தக் குழந்தைக்கு ஜுரம் வரும், பரீட்சை வரும், ஒருநாள் கல்யாணமும் வரும். அன்றைக்கு இருவரும் ஒரே பந்தலில் நிற்க வேண்டியிருக்கும். அதை நினைத்து இன்று வாயையும் கையையும் அடக்கிக்கொள்ளும் பெற்றோர், தங்கள் வழக்கில் தோற்றாலும் பிள்ளையை இழப்பதில்லை.